பசித்தால் தின்னுமா?



ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு மாற்றலாகிச் செல்லும் குரு, தமக்கு முன்னிருந்தவரிடமிருந்து சில பொருட்களைக் கணக்குப் பார்த்துப் பெற்றுக்கொள்வது வழக்கம். திருமுழுக்குப் பதிவேடு, திருமணப் பதிவேடு, வரவு செலவுப் புத்தகம், நற்கருணைப் பேழையின் திறவுகோல் ஆகியவை அப்பட்டியலில் தவறாமல் இருக்கும். நான் இந்தக் கடற்கரைப் பங்குக்கு வந்து சேர்ந்த நாளில், பட்டியலில் எழுதப்படாத உருப்படி ஒன்றும் என் பொறுப்பில் வந்தது. அது ஒரு பூனை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு விபூதிப் புதனன்று, பூசை முடிந்து மக்கள் வெளியே வந்தபோது, கோயில் வாசற்படியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியாம். நிறமும் சாம்பல், நாளும் சாம்பல் என்பதால் அன்றைய பங்குத் தந்தை அதற்குச் சாம்பல் என்றே பெயரிட்டுவிட்டார். அந்த ஆண்டில் புதுநன்மை வாங்கிய சிறுவன் ஒருவன் இன்று கப்பலில் பணிபுரிகிறான் என்பதை வைத்துத்தான் பூனையின் வயதை நாங்கள் கணக்கிடுகிறோம். குருக்கள் மூவர் வந்து போய்விட்டார்கள். சாம்பல் மட்டும் மாற்றலின்றிப் பங்கு இல்லத்திலேயே இருக்கிறது.

வேதாகமத்தில் பூனைக்கு அவ்வளவாக இடமில்லை. இளைஞன் தோபியாவோடு வழி நடந்த நாய்க்குக் கிடைத்த பெருமை அதற்குக் கிட்டவில்லை. பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், பொய்த் தெய்வங்களின் சிலைகள்மேல் ஏறி அமரும் பிராணிகளோடு பூனையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். ஆயினும் இந்தத் திங்கள் நான் உங்களோடு பேச விரும்புவது ஒரு பூனையைப் பற்றித்தான். காரணம், அதன் பொருட்டு நான் செய்த தவறு ஒன்றையும், அதே வாரத்தில் ஒரு குடும்பத்துக்கு நான் கொடுத்த தவறான ஆலோசனை ஒன்றையும் உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்குடும்பத்தார் இதை எழுத மனமுவந்து இசைந்திருக்கிறார்கள்.

கடந்த தவக்காலத்தின் தொடக்கத்தில் சாம்பலின் உணவுப் பழக்கம் மாறிற்று. அதுவரை சாளைத் தலையைக் கடித்து நொறுக்கும் ஓசை என் அறைவரை கேட்கும். அந்த ஓசை நின்றுவிட்டது. தட்டை வைத்தவுடன் ஆவலோடு ஓடிவரும், குனிந்து முகரும், பிறகு எதையோ மண்ணிட்டு மூடுவதுபோலத் தரையை இரண்டுமுறை பிறாண்டிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்குச் சமைக்கும் அம்மாள் பொறுமைசாலி. சாளை வேண்டாமென்றால் நெத்திலி, நெத்திலி வேண்டாமென்றால் காரல், அதுவும் வேண்டாமென்றால் பால் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒருநாள் கருவாட்டைச் சுட்டுப் போட்டபோது இரண்டு வாய் நக்கிற்று. மறுநாள் அதையும் தொடவில்லை.

"வயசாக வயசாக நாக்கு ருசி தேடுகிறது, சாமி. நேற்று வைத்தது இன்றைக்குப் பிடிக்கவில்லை" என்றார் அந்த அம்மாள்.

குருமடத்தில் தட்டில் விழுந்ததை உண்டுவிட்டுப் பேசாமல் எழுந்து பழகியவன் நான். ஒரு பூனை உணவைத் தெரிந்தெடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. "இன்றுமுதல் பாலும் சோறும் தவிர வேறெதுவும் வைக்க வேண்டாம். பசித்தால் தின்னும்" என்று சட்டம் போட்டேன். தவக்காலமல்லவா? பூனைக்கும் சுத்தபோசனமும் ஒருசந்தியும் விதித்தாயிற்று என்று உபதேசியாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

அன்று மாலையே ஒரு பெண்மணி என்னைக் காண வந்தார். வீட்டில் மாமியார் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. இரண்டு மாதமாகச் சோற்றைத் தள்ளிவிடுகிறாராம். குழம்பு காரம் என்கிறார். காரமில்லாமல் வைத்தால் சப்பென்றிருக்கிறது என்கிறார். கஞ்சி கேட்கிறார், கொடுத்தால் பாதியில் வைத்துவிடுகிறார். "மூன்று விதமாகச் சமைக்கிறேன், சாமி. ஆனாலும் நான் பட்டினி போடுகிறேன் என்று தெருவில் பேசுகிறார்கள்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முதுமையில் குழந்தைப் புத்தி திரும்பும், அம்மா. கெஞ்சினால் மிஞ்சுவார்கள். வேளைக்கு வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். பசித்தால் தாமே கேட்டு உண்பார்கள்." காலையில் பூனைக்குச் சொன்ன அதே வாசகம். இரண்டும் ஒன்று என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. முப்பது ஆண்டுக் குருத்துவ அனுபவத்தின் பலனைக் கொடுத்து அனுப்பியதாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலைப் பூசைக்கு உதவ வந்த சிறுவன் ஒருவன், பூசைக்குப்பின் சமையற்கட்டு வாசலில் குந்தியிருந்து சாம்பலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் வந்து, "சாமி, இதற்குப் பசிக்கிறது. தின்னத்தான் முடியவில்லை" என்றான்.

"எப்படிச் சொல்கிறாய்?"

"மூன்றுமுறை தட்டுக்கிட்டே வந்துவிட்டுப் போய்விட்டது. ஒருவாய் எடுத்தது, இடது பக்கமாகக் கீழே விழுந்துவிட்டது. தலையை உதறிக்கொண்டு ஓடிப்போயிற்று. வாயோரம் பாருங்கள், எச்சில் ஒழுகுகிறது."

பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. மூன்று வாரமாக நாங்கள் பூனையின் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பூனையைப் பார்த்தான்.

அன்றே அதைக் கூடையில் வைத்து, அருகிலுள்ள ஊரின் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் அதை நிறுத்துப் பார்த்தார். 2 கிலோ 800 கிராம். "முன்பு எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "உண்ணாமல் எத்தனை நாள்?" என்றார். "மூன்று நாளாகப் பாலும் சோறும் மட்டும் வைத்துப் பட்டினி போட்டிருக்கிறேன்" என்று, ஏதோ ஒழுங்கை நிலைநாட்டியவன்போலச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஃபாதர், நாயைப்போல் பூனையை நினைக்கக்கூடாது. பூனையைப் பட்டினி போட்டுப் பழக்க முடியாது, பட்டினி போட்டால் செத்துப்போகும்" என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். பூனை உண்ணாமல் இருக்கும்போது அதன் உடலிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்கு வருகிறது. அந்தப் பாரத்தைத் தாங்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குக் குறைவு. சில நாட்களிலேயே ஈரல் முழுவதும் கொழுப்பு நிறைந்து செயலிழக்கத் தொடங்கும். பிறகு பசியுணர்வே அற்றுப்போகும். கண்ணும் ஈறும் மஞ்சளிக்கும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே வயதான பூனை ஒரு பகலும் ஓர் இரவும் எதையும் உண்ணாவிட்டால், மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

பிறகு அவர் சாம்பலின் வாயை மெல்லத் திறந்து காட்டினார். பின்பற்களைச் சுற்றி ஈறு இரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. இடது பக்கத்தில் ஒரு பல், ஈறோடு சேரும் இடத்தில் அரிக்கப்பட்டுப் பள்ளமாகிவிட்டது. முதிய பூனைகளிடம் இது மிகச் சாதாரணமாம். அந்தப் பள்ளத்தில் சோற்றுப் பருக்கை பட்டாலும் உயிர் போகும் வலி என்றார். இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் ஓரளவு தளர்ந்திருப்பது தெரிந்தது. அதுவும் வயது முதிர்ந்த பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவதுதான். வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது, அதிகமாகச் சிறுநீர் கழிப்பது, மெலிவது, குமட்டலால் உதட்டை நக்கிக்கொண்டிருப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். சாம்பல் கோயில் கிணற்றடித் தொட்டியில் அடிக்கடி தண்ணீர் குடிப்பதை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். வெயில் காலம் என்று நினைத்துவிட்டோம்.

"ஏன் இதுவரை ஒருமுறைகூடக் கத்தவில்லை?" என்று கேட்டேன். பூனை தன் வலியை மறைக்கும் பிராணி என்றார் அவர். காட்டில் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அது இரையாகக் கூடியது. தளர்ச்சியைக் காட்டினால் உயிருக்கு ஆபத்து. அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தபிறகும் போகவில்லை. அதனால் உணவை மறுப்பது ஒன்றே பல சமயங்களில் அது நமக்குச் சொல்லும் சொல்லாக இருக்கிறது. அந்தச் சொல்லுக்குத்தான் நாங்கள் 'அடம்' என்று பொருள் எழுதிவைத்திருந்தோம்.

ஊசி மருந்தும் உப்புநீரும் ஏற்றி அன்று அனுப்பினார். அடுத்த வாரம் மாவட்டத் தலைநகரிலுள்ள கால்நடை மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, கெட்டுப்போன பற்களை எடுத்தார்கள்.

நம் இல்லங்கள் பலவற்றில் பூனை உண்டு. அவற்றில் பல முதுமையடைந்தும் இருக்கும். பத்து வயதைக் கடந்த பூனை முதிய பூனை. பதினான்கு வயது என்பது மனிதருக்கு எழுபதைத் தாண்டியதற்கு ஒப்பாகும். ஆகையால் அந்த மருத்துவரிடம் கேட்டும், பிறகு படித்தும், செய்து பார்த்தும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பூனை நாவால் சுவைப்பதைவிட மூக்கால் சுவைப்பதே அதிகம். மனித நாவில் சுவை மொட்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. பூனையின் நாவில் சில நூறுதான். இனிப்பு என்ற சுவையே அதற்குத் தெரியாது. அதற்குரிய மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போயிருப்பதை 2005இல் விஞ்ஞானிகள் கண்டறிந்து வெளியிட்டார்கள். எனவே மூக்கு அடைத்திருந்தாலும், முதுமையில் மோப்பம் மங்கினாலும், உணவு அதற்கு உணவாகத் தோன்றாது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த மீனில் வாசனை எழும்பாது. உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி வையுங்கள். பூனையின் உடற்சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ். அந்த அளவு இளஞ்சூடு போதும். அப்போதுதான் பிடித்த எலியின் சூடு அதுதானே! நாங்கள் செய்த மாற்றங்களுள் உடனே பலன் தந்தது இதுவே.

அடுத்து, எதைக் கொடுப்பது என்பது. நம் வீடுகளில் பூனைக்குப் பாலும் சோறும் வைப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் பூனை ஊன் உண்டே வாழவேண்டிய பிராணி. ஊனிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து கிடைக்காவிட்டால் அதன் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987இலும் தெளிவாக்கப்பட்டன. இச்சத்து வேகவைக்கும் நீரில் இறங்கிவிடும். ஆகவே மீனையோ கோழியையோ வேகவைத்த நீரைக் கொட்டாமல், அதையே உணவின்மேல் ஊற்றுங்கள். பல்லில்லாத பூனைக்கு அது உணவை மென்மையாக்கும். சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கு வேண்டிய நீரும் அதன் வழியே போய்ச் சேரும். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

பூனை உண்ணவில்லையே என்ற பரிவில் நாம் செய்யும் சில காரியங்கள் அதற்கு நஞ்சாகும். குழம்பு மீனைக் கழுவிப் போடுகிறோம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டின் வாசனைக்குப் பூனை மயங்கும்; அதிலுள்ள உப்போ தளர்ந்த சிறுநீரகத்துக்கு ஆகாது. பச்சை மீன் சிலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது நீங்கிவிடும். முள்ளையும் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் மிகுந்த சூரை போன்ற மீனையே நாள்தோறும் கொடுத்தாலும் வேறு கேடு வரும். இடையிடையே கோழியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நமக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் வாங்கி வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடப் போதுமானது.

வைக்கும் முறையும் உண்டு. ஒரே வேளையில் நிறைய வைக்காமல், நாளில் நான்கைந்து முறை சிறிது சிறிதாக வைக்கலாம். இயற்கையில் அது அப்படித்தான் உண்கிறது. மூட்டு நோகும் பூனை குனியச் சிரமப்படும். தட்டின் கீழ் ஒரு செங்கல்லை வைத்தால் கழுத்துக்கு எளிதாகும். மீசை இடிக்காதபடி அகலமான தட்டு நல்லது. தண்ணீரைச் சற்றுத் தள்ளி வையுங்கள். வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். வழக்கமான உணவில் மருந்தை ஒளித்து வைக்காதீர்கள். ஒருமுறை ஏமாந்த பூனை அந்த உணவையே வெறுத்துவிடும். திங்களுக்கு ஒருமுறை எடை பாருங்கள். எங்கள் ஊரில் அது எளிது. மீன் விற்கும் அம்மாளின் தராசில் கூடையோடு வைத்து நிறுத்துவிடுகிறோம். எடை குறைந்துகொண்டே வந்தால், நன்றாகத் தின்கிற பூனையாயினும் மருத்துவரிடம் காட்டவேண்டும். தொண்டைச் சுரப்பி மிகையாக வேலை செய்யும் முதிய பூனை, நிறையத் தின்றுகொண்டே மெலியும்.

அப்படியானால் உண்மையிலேயே அடம் பிடிக்கும் பூனை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாமே பழக்கிவிட்டது அது. எடை குறையாமல், வாயில் புண்ணில்லாமல், மருத்துவர் பார்த்து நலம் என்று சொன்னபிறகு, பிடித்ததை மட்டும் தின்பேன் என்று உட்கார்ந்தால், புதிய உணவைப் பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்றலாம். ஆனால் அந்த முடிவு கடைசியில் வரவேண்டியது. நான் அதை முதலில் வைத்தேன்.

நிற்க. கால்நடை மருத்துவரிடம் சென்றது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் முதல் வெள்ளி. வழக்கம்போல் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் சென்றேன். அந்தப் பெண்மணியின் மாமியாரும் என் பட்டியலில் இருப்பவர். அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது, முந்தைய மாதம் அதே இடத்தில் நிகழ்ந்தது நினைவுக்கு வந்து என்னை நிறுத்திற்று. அன்று அவர், "சிறு துண்டாகப் பிட்டுத் தாருங்கள், சாமி. ஒருவாய்த் தண்ணீரும் வேண்டும்" என்று கேட்டிருந்தார். நானும் பிட்டுக் கொடுத்தேன். தண்ணீரும் கொடுக்கச் சொன்னேன். ஆண்டவரின் திருவுடலையே விழுங்க முடியாமல் ஒரு தாய் வருந்துவதை என் கண்ணால் கண்டிருந்தேன். கண்டுவிட்டு, அவருடைய மருமகளிடம் "பசித்தால் உண்பார்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நற்கருணை கொடுத்து முடித்தபின் அவர் அருகில் அமர்ந்து, "அம்மா, வாயில் வலி இருக்கிறதா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மருமகள் நன்றாகத்தான் சமைக்கிறாள், சாமி. வாயில் வைத்தால் நெருப்பாக எரிகிறது. அவன் படகுக்குக் கடன் வாங்கியிருக்கிறான். இப்போது போய் நான் ஒரு செலவு வைப்பதா?"

பூனை தன் வலியை மறைத்தது அச்சத்தால். அந்தத் தாய் மறைத்தது அன்பால். இரண்டையும் நான் ஒரே பெயரிட்டு அழைத்திருந்தேன்.

மருமகளை அழைத்தேன். என் ஆலோசனை தவறு என்று முதலில் அவரிடம் சொன்னேன். மாமியார் வாயைத் திறந்து காட்டியபோது, நாவின் ஓரத்தில் வெண்மையாக ஒரு புண் இருந்தது. அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "இதை நான் ஒருநாளும் பார்க்கவில்லையே, அத்தை" என்றார். பார்க்கச் சொல்லவேண்டிய நானே பார்க்காதபோது அவரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அரசு மருத்துவமனையில் காட்டினார்கள். உடைந்த பல்லின் அடிக்கட்டை ஒன்று கூர்மையாக நின்று நாவை நாள்தோறும் அறுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும் புற்றுநோய் அன்று என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதால் சதைப் பரிசோதனையும் செய்தார்கள். இறையருளால் கேடு ஏதுமில்லை. பல்லை எடுத்தபின் புண் ஆறிற்று. அந்த முடிவு வரும்வரை அவ்வீட்டார் எண்ணிய நாட்களை நானும் எண்ணினேன். வேறு விதமாக முடிவு வந்திருந்தால், நான் சொன்ன அந்த ஒரு வாசகம் அவர்களுக்கு எத்தனை நாளை இழக்கச் செய்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னைவிட்டு அகலவில்லை.

இதற்கிடையில் பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் நேராகவே ஒரு கேள்வி கேட்டார். "மருந்துக்கு வழியில்லாத குடும்பங்கள் நம் பங்கில் இருக்கும்போது, பூனைக்கு வைத்தியம் பார்ப்பது தகுமா, சாமி?" நியாயமான கேள்வி. பங்குப் பணத்தில் ஒரு காசும் அதற்குச் செலவாகவில்லை என்று சொல்வது போதிய விடையாகாது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப்பற்றி இரு பக்கமும் பேசுகிறது. விலங்குகளுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள்; அவற்றைத் தேவையின்றித் துன்புறுத்துவதோ சாகவிடுவதோ மனித மாண்புக்கு ஒவ்வாது என்கிறது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்றும், மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றிடம் திருப்பிவிடக்கூடாது என்றும் எச்சரிக்கிறது. நீதிமான் தன் கால்நடையின் நிலையை அறிந்திருப்பான் என்பது நீதிமொழிகள் நூலின் கருத்து. முதுமையில் தளர்ந்த தந்தையைத் தாங்கு, அவர் அறிவு மங்கினாலும் பொறுத்துக்கொள் என்பது சீராக்கின் அறிவுரை. இரண்டும் ஒரே வேதாகமத்தில்தான் இருக்கின்றன.

அந்த அன்பருக்கு நான் சொன்னது இதுதான்: "பூனையோடு நான் நின்றிருந்தால் உங்கள் கேள்வி என்னைக் குற்றவாளியாக்கும். அதற்குச் செலவிட்டதற்கு ஈடான தொகையை, மருந்து வாங்க முடியாத முதியோருக்கென என் கையிலிருந்து வைத்திருக்கிறேன். யாருக்குத் தேவை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்." அவர் மறு வாரமே இரண்டு பெயர்களோடு வந்தார். அவர்களில் ஒருவர் மூன்று மாதமாகக் கஞ்சித் தண்ணீரில் வாழ்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதியோர் உணவை மறுக்கப் பல காரணங்கள் உண்டு. பல்லும் ஈறும் ஒன்று. வாய் உலர்வது, விழுங்கத் தடுமாறுவது, மலச்சிக்கல், வேறு நோய்க்கு உண்ணும் மாத்திரைகள் பசியை அடக்குவது, மணமும் சுவையும் மங்குவது எனப் பிறவும் உண்டு. துணையை இழந்தபின் தனியே உட்கார்ந்து உண்ண மனமில்லாததும் ஒரு காரணம். இவற்றுள் எதுவும் தட்டைப் பார்த்தால் தெரியாது. முகத்தைப் பார்த்து, அருகில் அமர்ந்து, கேட்கவேண்டும். ஒருமுறை கேட்டு "ஒன்றுமில்லை" என்ற பதில் வந்தால் மறுபடியும் கேட்கவேண்டும்.

யாயிரின் மகளை உயிர்ப்பித்த ஆண்டவர், அந்தப் பெரும் புதுமையைக் கண்டு எல்லாரும் திகைத்து நிற்கையில், சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி பணித்தார் என்று மாற்கு எழுதுகிறார். அவள் பசித்திருப்பாள் என்பது அவர் ஒருவருக்குத்தான் தோன்றிற்று.

சாம்பல் இன்னும் இருக்கிறது. கெட்ட பற்கள் போய்விட்டன. சிறுநீரகம் தேறப்போவதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எத்தனை திங்கள் என்பது ஆண்டவருக்கே தெரியும். சென்ற வாரம் மீன் தராசில் 3 கிலோ 200 கிராம் இருந்தது. முள்ளெடுத்து மசித்த நெத்திலியை வெதுவெதுப்பாக வைத்தால், செங்கல்மேல் உள்ள தட்டில் முக்கால் பங்கை முடித்துவிடுகிறது. மீதியை வைத்துவிட்டுப் போனாலும் இப்போது யாரும் அதைத் திட்டுவதில்லை.

அந்தத் தாயாரைக் கடந்த முதல் வெள்ளியன்று கண்டேன். திருவப்பத்தைப் பிட்டுக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், சாமி. முழுதாகவே தாருங்கள்" என்றார்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டில் உணவைத் தள்ளிவைப்பவர் எவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், இன்று இரவே அவரோடு உட்கார்ந்து உண்ணுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், அவற்றில் உங்களை நம்பி வாழும் அனைத்து உயிர்களையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் அன்புள்ள
பங்குத் தந்தை